ஞாயிறு போக மீதி ஆறு நாள்

நீடாமங்கலம் என்றதும் பக்தர்களுக்குச் சந்தானராமன் சன்னதி நினைவுக்கு வரும். இரயிலேறுவோருக்கு மன்னார்குடிக்குக் கிளை பிரியும் சந்திப்பு நினைவுக்கு வரும். உழவருக்கு வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு எனத் தண்ணீர் மூன்றாகப் பிரியும் மூணாற்றுத் தலைப்பு நினைவுக்கு வரும். நமக்கு நினைவுக்கு வருவது ஒரு பந்தி!

1937ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள். தென்தஞ்சை மாவட்டக் காங்கிரஸ் அரசியல் மாநாடு அவ்வூரில் கூடிற்று. மாநாடென்றால் விருந்து உண்டு. விருந்தென்றால் பந்தி உண்டு. அரிஜன சேவை பேசிய காலமாதலால் பந்தி எல்லோருக்கும் பொது என்ற பேச்சும் உண்டு. பேச்சை நம்பிய ஆதிதிராவிடத் தோழர்கள் சிலர் மற்றவர்களோடு இலைமுன் அமர்ந்தனர். மேடையில் பேசியது இலையில் நடக்கும் என்று நம்பியதே அவர்கள் செய்த குற்றம். அக்குற்றத்துக்காக அவர்கள் அடிக்கப்பட்டனர், தலை மொட்டையடிக்கப்பட்டது, சாணிப்பால் புகட்டப்பட்டது. நடந்ததை 'விடுதலை' வெளியிட்டது. வெளியிட்ட 'விடுதலை'யின் மீது மானநட்ட வழக்குப் போட்டார்கள்! சாணிப்பால் குடித்தவனுக்கு மானம் என்று ஒன்று இருந்ததா, அது நட்டப்பட்டதா என்று கேட்க அந்நாளில் சுயமரியாதைக்காரர்களை விட்டால் ஆளில்லை.

அடிபட்டோருள் ஒருவர் பெயர் தேவசகாயம். தேவனின் சகாயம் என்று பொருள்படும் பெயர். தஞ்சைத் தரணியின் மாதா கோயில் பதிவேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் காணக்கூடிய பெயர். அவர் எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்று நாம் ஆராயப் போவதில்லை. சாணிப்பால் ஊற்றியவர்களும் ஆராயவில்லை. ஆனால் அந்தப் பெயர் நம்மை ஒரு கேள்விக்கு இழுத்துச் செல்கிறது.

"ஆலயத்தில் மட்டும் கிறிஸ்தவராக இருந்தால் போதாது, வீட்டில், வயலில், கடையில், கச்சேரியில், பள்ளியில், செய்யும் தொழிலில் எல்லாம் விசுவாசத்தை வாழ்ந்து காட்டவேண்டும்" என்று அம்மதத்துப் பெரியோர் இடையறாது உபதேசிக்கின்றனர். நல்ல உபதேசந்தான். பகுத்தறிவாளராகிய நமக்கு அதில் என்ன வேலை என்று இளந்தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. ஆண்டவன் உண்டா இல்லையா என்ற வழக்கை ஒருபுறம் ஒதுக்கி வைப்போம். ஒருவன் உள்ளத்துக்குள் பூட்டி வைத்திருக்கும் விசுவாசத்தை எடைபோட நம்மிடம் தராசு இல்லை. ஆனால் அதை வாழ்க்கையில் காட்டுகிறேன் என்று வெளியே எடுத்து வைத்துவிட்டால், அது நம் கண்ணுக்கும் கைக்கும் எட்டிய பொருளாகிவிடுகிறது. களத்து மேட்டில் நெல்லை அளப்பதுபோல அதையும் அளக்கலாம். அளக்கத்தான் போகிறோம். அளவையும் நம்முடையதன்று, அவர்களுடையதே.

கிறிஸ்தவத்தின் நடுநாயகமான சடங்கு எது? யாகமன்று, அபிஷேகமன்று, ஒரு விருந்து! ஒரு மேசை, ஒரு அப்பம், ஒரு கிண்ணம். உடன் உண்பதையே வழிபாடாக்கிய மதம் அது. அம்மதத்து வேதநூலில் யாக்கோபு எழுதியதாக வழங்கும் நிருபம் ஒன்று உண்டு. சிறியது, அரைமணி நேரத்தில் படித்து முடிக்கலாம். நம் தோழர்களும் படிக்கலாம், தீட்டு ஒன்றும் ஒட்டாது. அதில் இரண்டு செய்திகள் வருகின்றன. சபைக்குள் பொன்மோதிரம் அணிந்தவனும் கந்தை உடுத்தவனும் வரும்போது, முன்னவனுக்கு நல்ல இருக்கையும் பின்னவனுக்கு ஓரமும் கொடுப்பவர்களை அவர் குற்றவாளிகள் என்கிறார். பிறகு, வயலை அறுத்தவனுடைய கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட செல்வரைப் பார்த்து, அந்தக் கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். தஞ்சாவூர் ஜில்லாவை மனத்தில் வைத்தே எழுதினாரோ என்று ஐயுறும் அளவுக்குப் பொருத்தம்! இருக்கையும் கூலியும், இவ்விரண்டுந்தானே இம்மண்ணில் இன்றுவரை தீராத வழக்கு?

ஏட்டில் இருப்பது இது. நாட்டில் நடந்தது என்ன?

1706ஆம் ஆண்டு ஜூலையில் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினர். தமிழ் கற்றனர், பள்ளி வைத்தனர், அச்சுக்கூடம் வைத்தனர், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டனர். அச்சுக்கலையை இந்த மண்ணில் வேரூன்றச் செய்ததில் அவர்கள் பங்கை மறுப்பவன் நன்றி கெட்டவன். 1718இல் அவர்கள் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் அங்கே நிற்கிறது. பெயர் புதிய எருசலேம். உள்ளே உட்கார்ந்த முறையோ பழைய தஞ்சாவூர்! வேளாளர் ஒருபுறம், பறையர் ஒருபுறம், இடையே இடைவெளி.

அந்த இடைவெளியின் அகலம் எவ்வளவு என்று அறிய இராஜநாயக்கனின் கதை போதும். தஞ்சை மன்னன் படையில் பணியாற்றியவர் அவர். பறையர் குலத்துக் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான வேதப்புத்தகம் கைக்குக் கிடைக்க, தானே படித்து, தானே சிந்தித்து, அச்சபையில் சேர்ந்தார். தஞ்சைச் சீமையில் உபதேசியாராக ஊர் ஊராக உழைத்தார். படித்துத் தெளிந்து மாறியவர், கவனியுங்கள், கஞ்சிக்கு மாறியவரல்லர். 1733இல் தமிழர் ஒருவரைக் குருவாக நியமிக்க வேண்டிய வேளை வந்தது. வேளாளராகிய ஆரோன் குருவானார். ஆரோனுடைய தகுதியில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இராஜநாயக்கனுக்கு அந்தப் பதவி கடைசிவரை கிட்டவில்லை. காரணத்தை மிஷனெரிகளே எழுதி வைத்திருக்கின்றனர்: அவர் கையால் திருவிருந்து வாங்க மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கூசுவார்களாம்! அப்பம் ஆண்டவனுடைய சரீரமாகிறது என்கிறார்கள். ஆண்டவனே சரீரமாகி வந்தாலும் எந்தக் கை வழியாக வருகிறார் என்று பார்த்தல்லவா வாய் திறந்திருக்கின்றனர்!

விசுவாசம் அன்றாட அலுவலில் பலித்த இடம் ஒன்றும் இல்லையா என்று கேட்டால், உண்டு. நேர்மையாகச் சொல்லவேண்டும். தஞ்சைக் கோட்டையில் வாழ்ந்து 1798இல் மறைந்த சுவார்ட்சு பாதிரியாரை எடுத்துக்கொள்வோம். ஐதர் அலியின் படை சோழநாட்டைச் சூறையாடிய காலம். 1781இல் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது, வண்டிமாடுகளும் இருந்தன, கொண்டுவர எவரும் முன்வரவில்லை. ஏன்? முன்பு கொண்டுவந்தவர்களுக்குச் சர்க்கார் கூலி கொடுக்கவில்லை! அரசனின் ஆணை செல்லவில்லை. அமைச்சனின் வாக்கு செல்லவில்லை. கூலிக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்சு சொன்னார். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. எண்பதாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. வந்தவர்களுக்குக் கூலியைத் தவறாமல் கொடுத்து அனுப்பினார். பின்னர் அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடிகள் ஊரை விட்டு ஓடி, நிலம் தரிசாய்க் கிடந்தபோதும், அவருடைய வாக்கை நம்பி ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்தனர். 1779இல் கும்பினி சர்க்காரின் தூதராக ஐதரிடமே போனவரும் அவர்தான். அங்கே கொடுத்த பணமுடிப்பைத் தன் பைக்குள் போட்டுக்கொள்ளாமல் பள்ளிக்குக் கொடுத்தவரும் அவர்தான். சரபோசி மன்னர் இலண்டனிலிருந்து பளிங்குச் சிற்பம் வரவழைத்து அவருக்கு நினைவுச்சின்னம் வைத்ததில் வியப்பில்லை.

அந்த எண்பதாயிரம் கலத்தை நினைத்துப் பாருங்கள், தோழர்களே! அதைக் கொண்டுவந்தது ஜெபமா? அன்று. பேசிய கூலியைப் பேசியபடி கொடுப்பான் இவன் என்ற பெயர். வேதநூலில் அறுவடைக்காரன் கூலியைப் பற்றி எழுதியிருந்ததை ஒரு மனிதர் உண்மையென்று எடுத்துக்கொண்டார். ஒரு நகரம் பட்டினியிலிருந்து பிழைத்தது. இதற்கு ஆத்திகராக இருக்கவேண்டிய கட்டாயமில்லை என்பது நம் கட்சி. இருந்தவர் ஒருவர் செய்தார் என்பது வரலாறு. இரண்டையும் சொல்வதில் நமக்குக் கூச்சமில்லை.

அத்தகையவரும் தம் சபையில் இருபுறம் பிரிந்து உட்காரும் வழக்கத்தைத் தகர்க்கவில்லை. மெல்ல மெல்ல மறையும் என்று விட்டுவிட்டார். மெல்ல மெல்ல மறைந்ததா? மெல்ல மெல்ல வேர்விட்டது! 1833ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சராயிருந்த டேனியல் வில்சன், ஜாதி வேற்றுமை உடனே, அறவே, இனி என்றென்றைக்குமாகக் கைவிடப்படவேண்டும் என்ற கருத்தில் ஆணை அனுப்பியபோது தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் சபைகள் கலகலத்தன. தனித்தனி இருக்கை, திருவிருந்துக்குத் தனித்தனி வரிசை, தனித்தனிக் கல்லறை ஆகிய இவற்றை விடச் சொன்னதும் நூற்றுக்கணக்கானோர் ஆலயத்தையே விட்டு வெளியேறினர். ஆண்டவனை விடத் துணிந்தார்கள், இடைவெளியை விடத் துணியவில்லை!

அதற்கு முன்பே, 1829இல், இதே முயற்சியில் இறங்கிய இளம் மிஷனெரிகளை எதிர்த்துத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ஒரு நூலே எழுதினார். பெத்லகேம் குறவஞ்சி பாடிய பெருங்கவி அவர். தமிழில் கிறிஸ்தவ இசை அவரால் செழித்தது. அவர் புலமைக்கு நம் வணக்கம். ஆயினும் அவர் நின்ற பக்கத்தில் எழுந்த வாதம் இருக்கிறதே, அதுதான் இன்றைக்கும் உயிரோடு உலவும் வாதம். ஆதலால் அதைச் சற்றுப் பிரித்துப் பார்க்கவேண்டும்.

வாதம் இதுதான். ஜாதி என்பது மத விஷயமன்று. அது ஊர் வழக்கம், உலக ஆசாரம், குடும்ப மரியாதை. ஞான காரியம் வேறு, உலக காரியம் வேறு. ஆண்டவன் முன்னிலையில் எல்லோரும் ஒன்றே. ஆனால் உட்காருவதும் உண்பதும் மணப்பதும் உலக காரியம். வெளிநாட்டுப் பாதிரிமாருக்கு எங்கள் நாட்டு மரியாதை தெரியாது. அவர்கள் நாட்டில் பிரபுவும் வேலைக்காரனும் ஒரே மேசையில் உண்கிறார்களா?

கடைசிக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்வோம். வெள்ளைக்காரத் துரைமார் தம்முடைய ஏற்றத்தாழ்வைக் கண்டுகொள்ளாமல் நம்முடையதை மட்டும் கண்டது உண்மையே. ஆனால் உன் வீட்டிலும் அழுக்கு என்பது என் வீட்டு அழுக்குக்குப் பட்டயம் ஆகாது. மற்றதைப் பார்ப்போம். உட்காருவது உலக காரியம். உண்பது உலக காரியம். மணமுடிப்பது, கூலி கொடுப்பது, வேலைக்கு ஆள் எடுப்பது, பிணம் புதைப்பது எல்லாம் உலக காரியம். எனில், ஞான காரியத்துக்கு மிச்சம் என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம்! அந்த ஒன்றரை மணி நேரத்திலும் உட்காருவது உலக காரியமாய்ப் போய்விட்டபடியால், நின்றுகொண்டு பாடும் சில நிமிடங்களே தேறும். வாழ்க்கையை இரண்டாகக் கூறுபோட்டு, பெரிய கூறை மனுவுக்குக் கொடுத்துவிட்டுச் சிறிய கூறை இயேசுவுக்குப் படைப்பதற்குப் பெயரா விசுவாசம்? வைதீகத் தோழர் இந்த விஷயத்தில் மேல். அவர் ஜாதியையும் தம் மதம் என்றே நேரடியாகச் சொல்லிவிடுகிறார். இவர்களோ ஜாதியை மதத்துக்கு வெளியே நிறுத்தி வைத்து, அங்கே அதற்குத் தினமும் சோறு போட்டு வளர்க்கிறார்கள்.

1850இல் சென்னையில் கூடிய புராட்டஸ்டண்டு மிஷனெரிகள் இந்தத் தந்திரத்தைக் கண்டுகொண்டனர். ஜாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. எந்த ஜாதியார் சமைத்த உணவானாலும் எவரோடும் இருந்து உண்டு காட்டினால்தான் சபையில் இடம் என்று தீர்மானித்தனர். விசுவாசத்துக்குச் சோற்றிலே பரீட்சை! நாம் இதை மிகவும் மெச்சுகிறோம். ஆனால் லைப்சிக் மிஷன் இதை ஏற்கவில்லை. ஜாதியைப் பொறுத்துக்கொண்டே திருத்தலாம் என்றது. ஒரு சபையில் பரீட்சை வைத்தால் அடுத்த சபைக்குப் போய்விடலாம் என்றால் பரீட்சை எழுத எவர் உட்காருவார்? பரீட்சைக்கு அஞ்சிய பலர் அங்கே ஒதுங்கினர்.

கத்தோலிக்கர் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துக்குப் போவோம். அங்கே போகவேண்டியதற்குக் காரணம் மற்றொரு தேவசகாயம். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனையில் பணிபுரிந்தவர், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். துறவியல்லர், குருவல்லர், மனைவியோடு குடும்பம் நடத்திய சாதாரண உத்தியோகஸ்தர். மேல்ஜாதியில் பிறந்தவர் எல்லா ஜாதியாரையும் சமமாக நடத்தியதைத் திருச்சபையே அவருடைய பெருமையாக எடுத்துச் சொல்கிறது. சிறையும் சித்திரவதையும் மூன்றாண்டு. 1752 ஜனவரி 14ஆம் நாள் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றனர். 2022 மே 15ஆம் நாள் ரோமாபுரியில் அவரைப் புனிதராக உயர்த்தினர். இந்தியாவில் இப்படி உயர்த்தப்பட்ட முதல் குடும்பஸ்தர் அவரே. அதற்குமுன் ஒரு காரியம் நடந்தது. அவர் பெயரோடு நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்த 'பிள்ளை' என்ற ஜாதிப் பட்டத்தை வாட்டிகன் ஏடுகளிலிருந்து நீக்கினர். நீக்கியது நன்று! இருநூற்று எழுபது ஆண்டு சென்றது என்பதையும் குறித்துக்கொள்வோம்.

அந்த மனிதர் சமத்துவத்துக்குள் நுழைந்த அதே வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோயில் கட்டினார்கள். கால்சட்டையை விரித்து வைத்தாற்போல இரண்டு நீண்ட மண்டபங்கள். இரண்டும் கூடும் இடத்தில் பீடம். ஒரு காலில் வேளாளர், மறு காலில் நாடார் முதலியோர். பீடத்தில் நிற்கும் குருவுக்கு இருவரும் தெரிவர். இவர்களுக்கு அவர்கள் தெரியார்! ஜாதிக்காகவே திட்டம் வரைந்து கொத்தனை வைத்துக் கட்டிய கோயில் உலகில் வேறெங்கும் உண்டோ, நாம் அறியோம். 1910இல் பிரிவினைச் சுவர் இடிபட்டது. இடித்ததை எதிர்த்து, பிரிந்திருப்பது எங்கள் உரிமை என்று நீதிமன்றம் ஏறினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். நெஞ்சில் புகவேண்டிய விசுவாசம் நீதிபதியின் தீர்ப்பு வழியாகப் புகவேண்டியிருந்தது.

இது பழங்கதை என்று எவரும் தேற்றிக்கொள்ள வேண்டா. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர் நம் தலைமுறையிலும் போராட்டத்துக்குக் காரணமாயிற்று. செத்தபின் உயிர்த்தெழுதல் உண்டு என்கிறார்கள். எழும்போதும் சுவருக்கு இந்தப்புறம் அந்தப்புறம் பார்த்தா எழுவது? 2008 மார்ச்சில் ஏறையூரில் தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர் மீது அவ்வூர்க் கத்தோலிக்கரே பாய்ந்தனர். கலவரத்தில் போலீஸ் சுட்டு இருவர் மாண்டனர். அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 2003இல், போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களை ரோமாபுரியில் சந்தித்தபோது, ஜாதி வேற்றுமை திருச்சபையின் பணிக்கே பகை என்ற பொருளில் எச்சரித்திருந்தார். ரோமாபுரியின் குரல் ஏறையூருக்கு எட்டவில்லை. நாட்டின் முதல் தலித் கர்தினால் 2022இல்தான் வந்தார். தமிழ்நாட்டுச் சபைகளில் பெரும்பகுதியினர் தலித் மக்கள் என்பதை அறிந்தவர்க்கு இந்த ஆண்டுக் கணக்கின் பொருள் விளங்கும்.

இருக்கையைப் பற்றிப் பேசினோம். கூலிக்கு வருவோம்.

1968 டிசம்பர் 25. உலகெங்கும் பாலன் பிறந்த நாளென்று மணியடித்த இரவு. காவிரிப் படுகையின் கீழ்க்கோடியில் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. கூலியை உயர்த்திக் கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விடமாட்டோம் என்றதுமே அவர்கள் செய்த பாவம். தண்டனை பெற்ற நிலப்பிரபுக்களை உயர்நீதிமன்றம் பின்னர் விடுதலை செய்தது. அப்போது மாநிலத்தை ஆண்டது அண்ணாவின் அரசு என்பதையும் மறைத்துப் பேசவேண்டியதில்லை. அதற்கடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்ததையும் சேர்த்தே சொல்வோம். அந்தத் தீயைக் கிறிஸ்தவத்தின் கணக்கில் நாம் எழுதவில்லை. ஆனால் கூலியின் கூக்குரல் விண்ணுக்கு எட்டும் என்று வேதத்தில் வைத்திருப்பவர்கள், அந்தக் கூக்குரல் பக்கத்து ஊரில் எழுந்தபோது எங்கே இருந்தார்கள்? சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்துப் பண்ணையாட்களைத் திரட்டியவர் சீனிவாசராவ். அவர் கையில் செங்கொடி இருந்தது, சிலுவை இல்லை. நீடாமங்கலத்தை ஊருக்குச் சொன்னது சுயமரியாதைக்காரரின் ஏடு. ஞாயிறுதோறும் அயலானை நேசி என்று கேட்டுப் பழகிய காதுகள் இந்த இரண்டு இடத்திலும் முன்னே வந்திருக்கவேண்டாமா?

இன்று களத்தில் போரடியும் மரக்காலும் போயின. அறுவடைக்கு எந்திரம் வந்துவிட்டது, கூலி ரொக்கமாகிவிட்டது. அதனால் கேள்வி போய்விடவில்லை, வேறு உடை உடுத்திக்கொண்டது. நாற்று நடும் பெண்ணுக்கும் வரப்பு வெட்டும் ஆணுக்கும் ஒரே நாளைக்கு ஒரே கூலியா? வட்டிக்கடை வைத்திருக்கும் விசுவாசி எவ்வளவு வட்டி வாங்குகிறார்? நெல் கொள்முதல் நிலையத்தில் எடைபோடுபவர் கழுத்தில் சிலுவை தொங்கினால் மூட்டைக்கு வாங்கும் காசு குறைகிறதா? மிஷன் பள்ளியில் ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது எந்தப் பெயர்கள் பட்டியலில் ஏறுகின்றன? ஆலயம் பெருக்குபவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார். அவர் மகன் பீடத்தில் உதவிக்கு நிற்கிறானா? பெண்ணுக்கு வரன் தேடும் விளம்பரத்தில் ஏன் 'ஆர்.சி.' என்ற இரண்டெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் அச்சாகிறது? விசுவாசத்தை அன்றாட வாழ்வில் காண விரும்புவோர் தேடவேண்டிய இடங்கள் இவை. தொழிலில் நேர்மை என்று உபதேசியார் பேசும்போது பொய் சொல்லாதே, திருடாதே என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். சுவார்ட்சின் எண்பதாயிரம் கலம் அதைவிட அதிகம் கேட்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு, பார்த்தாயா பாதிரியின் பவிசை என்று இளந்தோழர் எவரேனும் கைகொட்டிச் சிரித்தால், சற்று நில்லுங்கள் என்போம். மேடையில் ஜாதி ஒழிப்பு, வீட்டில் ஜாதகக் கட்டு. கூட்டத்தில் சமதர்மம், தெருவில் சேரிக்குத் தனிக்குவளை வைத்த தேநீர்க்கடையில் கணக்கு. இப்படி வாழும் கருப்புச்சட்டையை நாமும் கண்டிருக்கிறோம். உலக காரியம் வேறு, ஞான காரியம் வேறு என்று வேப்பேரியில் சொன்னதற்கும், குடும்பம் வேறு, கொள்கை வேறு என்று இவர் சொல்வதற்கும் ஒரு நூலிழை வேற்றுமை உண்டா? பெரியார் சுயமரியாதைத் திருமணத்தைக் கொண்டுவந்ததே கொள்கையைக் குடும்பத்தின் நடுக்கூடத்துக்கு இழுத்து வரத்தான்.

இனி, இது ஏன் வெறும் உபதேசச் சண்டை அன்று என்பதைச் சொல்லவேண்டும். 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, இந்து மதத்தைச் சேராதவர் எவரும் பட்டியல் ஜாதியாராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் வழி திறந்தது. கிறிஸ்தவரான தலித்துக்குத் திறக்கவில்லை. இஸ்லாமியரான தலித்துக்கும் திறக்கவில்லை. சர்க்கார் சொல்லும் நியாயம் என்ன? உங்கள் மதத்தில் ஜாதி இல்லையே என்பது! ஆதிதிராவிடர் தெருவில் பிறந்து, அதே தெருவில் வாழ்ந்து, அதே தெருவில் சாகிற ஒருவன், நெற்றியில் மூன்று சொட்டுத் தண்ணீர் பட்டதும் ஜாதி கழுவப்பட்டவன் ஆகிவிட்டானாம். படிப்புச் சலுகை போயிற்று. சட்டசபைத் தனித்தொகுதி போயிற்று. வன்கொடுமைச் சட்டத்தின் காவலும் கைநழுவிற்று. சர்க்கார் அலுவலகத்தில் போய், எனக்கு ஜாதி இல்லையென்கிறீர்களே, கோயிலில் என்னை ஓரத்தில் உட்கார வைக்கிறார்களே என்றால், அது மதமன்று, வழக்கம் என்கிறார்கள். கோயிலில் வந்து, ஓரத்தில் உட்காரவைப்பது ஏன் என்றால், அங்கேயும் அதே பதில்: அது மதமன்று, வழக்கம்! ஒரே வாக்கியம் அவனை இரண்டு வாசலிலும் தடுத்து நிறுத்துகிறது.

ஆகவேதான் சொல்கிறோம். கிறிஸ்தவ மேலோர் தம் விசுவாசத்தை அன்றாட வாழ்வில் நடத்திக்காட்டாமல் போனதன் விலையை அவர்கள் கொடுக்கவில்லை. தலித் கிறிஸ்தவன் கொடுத்தான், கொடுத்துக்கொண்டே இருக்கிறான். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மதத்தைக் காரணம் காட்டி இவர்களை விலக்குவது தகாது என்று பரிந்துரைத்தது, நடவடிக்கை இல்லை. 2022இல் பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைந்தது. இந்த உரிமை கிடைக்கவேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. இதற்காக ஆயர்கள் தெருவுக்கு வந்தால் நாமும் உடன் வருவோம், கொடி எதுவானாலும்.

ஆனால் ஒரு வேண்டுகோள். எந்த ஆணையத்தின் முன், எந்த நீதிமன்றத்தின் முன் அவர்கள் போய் நின்றாலும், எங்கள் மக்கள் இன்னும் ஜாதிக் கொடுமைக்கு ஆளாகின்றனர் என்று மனு எழுதும்போது, அக்கொடுமையைச் செய்பவர் யார் என்ற பகுதியைக் காலியாக விடவேண்டா. கல்லறைத் தோட்டத்துச் சுவரின் நீளம் இத்தனை அடி, உயரம் இத்தனை அடி, எழுப்பியது இன்ன ஆண்டு, இன்றுவரை சுண்ணாம்பு அடித்துக் காத்துவருபவர் இன்ன பங்கின் இன்ன குடும்பத்தார் என்று மனுவோடு இணைக்கட்டும்.